பதினெட்டுக்குக் கீழே

பதினெட்டு என்பதுதான் பேச்சு. அறையின் சூடு பதினெட்டு டிகிரிக்குக் கீழே ஒரே ஒரு தடவை இறங்கினால் போதும், பக்கத்து வீட்டு வாங்கெலின் கொட்டகையில் கிடக்கும் பழைய விறகடுப்பு மறுபடி வீட்டுக்குள் வந்துவிடும். நெஸ்தோர் கையை நீட்டினார், வாஸ்கா பிடித்துக் குலுக்கினாள். முப்பத்தெட்டு வருஷக் குடித்தனத்தில் இருவரும் கைகுலுக்கிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

நெஸ்தோர் சொந்த ஊரான பிட்டோலாவுக்கும் தலைநகர் ஸ்கோப்யேவுக்கும் இடையே முப்பத்திரண்டு வருஷம் ரயில் ஓட்டியவர். வேலையில் டீசல் புகை, வாயில் சிகரெட் புகை, வீட்டில் அடுப்புப் புகை. நுரையீரல்தான் எவ்வளவு நாள் பொறுத்துக்கொள்ளும்? போன அக்டோபரில் இருபது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா வாஸ்காவைத் தனியாகக் கூப்பிட்டு, "அந்த அடுப்போட இன்னொரு குளிர்காலம் இருந்தாருன்னா, அதுக்கு அடுத்த குளிர்காலத்தைப் பத்தி நாம பேச வேண்டியே இருக்காதும்மா" என்றாள். பூசி மெழுகாமல் சொன்னதற்காக வாஸ்கா அந்த அம்மாளை வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தாள். ஆனால் சொன்னதைக் கேட்டாள். அடுப்பைப் பிடுங்கி வாங்கெலின் கொட்டகையில் போட்டு, புகைபோக்கி ஓட்டையைச் சிமெண்டால் அடைத்து, சுவரில் ஒரு இன்வெர்ட்டர் ஏசியை மாட்டினாள். கோடையில் குளிரும் குளிர்காலத்தில் சூடும் ஊதுகிற சாமான் அது. ஊரில் பாதி வீட்டில் இப்போது அதுதான்.

நெஸ்தோருக்கு அது பிடிக்கவே இல்லை.

"இது மேல பயறு வேகுமா? மிளகாய் சுட முடியுமா? நனைஞ்ச சாக்ஸை எங்க காயப்போடறது? சுவத்துல பல்லி மாதிரி ஒட்டிக்கிட்டு ஊதுது. கணப்புன்னா நெருப்பு கண்ணுல தெரியணும்டி."

"நெருப்பைப் பாத்துப் பாத்துத்தான் நெஞ்சு கருகிக் கிடக்கு."

"வெளிய மைனஸ் பதினஞ்சுக்குப் போனாலும் அந்தக் காத்துல இருந்து சூடு எடுக்குதாம். மாட்ட வந்த மெக்கானிக் சொன்னான், நீயும் கேட்டுக்கிட்டே. ஏன், பெலிஸ்தர் மலைப் பனியில இருந்து சூப்பு வைக்கிறேன்னு சொல்லலையா?"

வாங்கெலும் இதற்கு ஒத்து ஊதினான். அடுப்போரம் உட்கார்ந்து நெஸ்தோரோடு சீட்டாடி, ரகியாச் சாராயம் குடித்துப் பழகியவன். சுவரில் தொங்கும் பெட்டியோரம் யார் உட்கார்ந்து சீட்டாடுவார்கள்? அப்படித்தான் பதினெட்டு டிகிரி ஒப்பந்தம் பிறந்தது. வாங்கெல்தான் சாட்சி.

முதல் ஆறு நாள் வாஸ்கா ராணி மாதிரி இருந்தாள். அலமாரி மேல் வைத்த வெப்பமானி இருபத்தொன்றை விட்டு அசையவில்லை. நெஸ்தோர் இரண்டு நாள் மேல்சட்டையைக்கூடக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். அதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்தது, காட்டிக்கொள்ளவில்லை. ஏழாம் நாள் உறைபனி இறங்கியது. மைனஸ் பதினாறு. பல்லை வெளியே காட்டினால் பல் விறைக்கும் குளிர். அன்றுதான் அந்தப் பெட்டி முதன்முதலாகத் தானாக நின்றது.

நின்றது என்றால், ஒரு எச்சரிக்கையும் இல்லை. ஊதிக்கொண்டே இருந்தது, சட்டென்று மூச்சை அடக்கிக்கொண்டது. சின்ன விளக்கு ஒன்று கண் சிமிட்டியது. வாஸ்கா பின்வாசலைத் திறந்துகொண்டு முற்றத்துக்கு ஓடினாள். சுவரில் மாட்டியிருந்த வெளிப்பெட்டியின் விசிறியும் நின்றிருந்தது; உள்ளே ஏதோ உஸ்ஸென்று சீற, பெட்டியைச் சுற்றி வெள்ளையாக ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. அவள் கண்ணுக்கு அது புகை. ஓடி ஓடிக் களைத்துப்போய்ச் சூடேறிவிட்டது என்று நினைத்தாள். உள்ளே வந்து ரிமோட்டை எடுத்து அணைத்தாள். இருபது நிமிஷம் ஓய்வு கொடுத்தாள். பிறகு போட்டாள். அது ஓடியது. தன் சாமர்த்தியத்தை மெச்சிக்கொண்டாள்.

அன்றிலிருந்து அது எத்தனை தடவை நின்றதோ அத்தனை தடவையும் அவள் அணைத்தாள். ரிமோட் ஏப்ரன் பையிலேயே குடியிருந்தது. காபி கொதிக்கும்போதும், மாத்திரை எண்ணும்போதும், கக்கூஸில் உட்கார்ந்திருக்கும்போதும் காது அந்தப் பெட்டி மேல்தான். ஊதும் சத்தம் கொஞ்சம் மாறினாலே கை பைக்குள் போய்விடும். அதோடு விட்டாளா? நேராக நெஸ்தோர் மேல் காற்று பட்டால் வாய் கோணிக்கொள்ளும், கழுத்து பிடித்துக்கொள்ளும் என்று ஊதும் வாயைக் கூரை பார்க்கத் திருப்பினாள். ஊரே அந்தக் காற்றுக்குப் பயப்படும்போது அவள் மட்டும் பயப்படாமல் இருப்பாளா? சூடு கூரைக்குப் போனது. வெப்பமானி இருபதுக்கு வந்தது. முப்பது டிகிரி என்று ரிமோட்டில் ஏற்றினாள். வெப்பமானி அதைக் காதில் வாங்கவில்லை.

எட்டாம் நாள் அவள் செய்ததுதான் பெரிய வேலை. ஜனவரியில் பிட்டோலாக்காரர்கள் தண்ணீர் மீட்டருக்குப் பழைய கம்பளியைச் சுற்றிக் கட்டுவார்கள். கட்டாத வீட்டில் மீட்டர் வெடிக்கும். வாஸ்கா தன் வீட்டு மீட்டருக்கு நவம்பரிலேயே கட்டிவிட்டாள். இப்போது முற்றத்தில் நடுங்கிக்கொண்டு நிற்கும் இந்தப் பெட்டியைப் பார்த்தாள். மீட்டரைவிட இது எவ்வளவு பெரிய சாமான், எவ்வளவு அவசியமான சாமான்! அம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்த கனத்த கம்பளிப் போர்வையை எடுத்துவந்து, முதுகு, பக்கம், தலை என்று இறுக்கிச் சுற்றி, கயிறு போட்டுக் கட்டினாள். முன்பக்கம் விசிறி சுற்றுகிற இடத்தை மட்டும் விட்டுவைத்தாள். காற்று வெளியே வரவேண்டும் அல்லவா? அந்த அளவுக்கு விவரமானவள்தான். நெஸ்தோருக்குத் தெரியாது. குளிரில் முற்றத்துக்குப் போகக்கூடாதென்று டாக்டரம்மா அவரைக் கட்டிப்போட்டிருந்தாள்.

பத்தாம் நாள் காலை எட்டு மணிக்கு வெப்பமானி பத்தொன்பது காட்டியது.

"எவ்வளவு?" என்றார் நெஸ்தோர், நாற்காலியில் இருந்தபடி. மூக்குக்கண்ணாடி இல்லாமல் அவருக்கு அது தெரியாது.

"இருபது."

"என் காலு பதினேழுங்குது."

"உன் காலுக்கு என்ன தெரியும்?"

பொய்யைச் சொன்ன கையோடு மெக்கானிக் நௌமுக்குப் போன் போட்டாள். நேற்றிலிருந்து இது நான்காவது தடவை.

"அக்கா," என்றான் நௌம், பின்னால் யாரோ வீட்டு நாய் குரைத்தது. "காலையில இருந்து பதினேழு பேர் கூப்பிட்டாச்சு. ஊரே நடுங்குது. மெஷினைத் தொடாதீங்க. கையைக் கட்டிக்கிட்டு உக்காருங்க. மத்தியானத்துக்குள்ள வரேன்."

கையைக் கட்டிக்கொண்டு உட்காரச் சொன்னால் வாஸ்காவுக்கு முடிகிற காரியமா? போனை வைத்ததும் பெட்டி நின்றது. அவள் அணைத்தாள். பதினைந்து நிமிஷம் கழித்துப் போட்டாள். இந்த முறை அது ஊதியது வெறும் காற்று. கையை மேலே தூக்கிப் பிடித்துப் பார்த்தாள், உள்ளங்கைக்குச் சூடே தட்டவில்லை. பத்து மணிக்குப் பதினெட்டரை. நெஸ்தோர் கோட்டைப் போட்டுக்கொண்டார், தொப்பியையும் வைத்துக்கொண்டார். இருமினார். அந்த இருமல் ஒவ்வொன்றும் அவள் நெஞ்சில் உதைத்தது. குளிரிலும் அவருக்கு ஆபத்து, அடுப்பிலும் ஆபத்து. எந்தப் பக்கம் போனாலும் பள்ளமாக இருந்தால் மனுஷி எங்கேதான் நிற்பாள்?

பதினொன்றரைக்கு வாங்கெல் காபிக்கு வந்தான். பூட்ஸைக் கழற்றுவதற்கு முன்பே அலமாரிக்குப் போய்க் கண்ணை இடுக்கிப் பார்த்தான்.

"அண்ணே, பதினேழரை!"

"பாத்தியா," என்றார் நெஸ்தோர். சந்தோஷப்படுவார் என்று நினைத்திருந்தாள். அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை, களைப்புதான் இருந்தது. "பேச்சு பேச்சுதான் வாஸ்கா. எனக்குக் குளிருது."

"நௌம் வரான். அவன் வந்து பாக்கட்டும்."

"வந்து என்ன கிழிப்பான்? வாங்கெல், கொண்டா."

வாங்கெல் காபியைக்கூடக் கேட்கவில்லை. பறந்தான். அரைமணி கழித்து, அடுப்பைப் பனிச்சறுக்கு வண்டியில் வைத்துக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு அவன் முற்றத்துக்குள் நுழைந்தபோது, பின்னாலேயே நௌமின் வேன் வந்து நின்றது.

"நகருண்ணே, நகரு," என்றபடி வேனிலிருந்து இறங்கிய நௌம், சுவரைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான். "யாரு இதுக்குச் சட்டை தைச்சுப் போட்டது?"

வாஸ்கா வாசற்படியில் நின்றிருந்தாள். சமையலறை ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் நெஸ்தோரின் தொப்பி தெரிந்தது.

நௌம் கயிற்றை அறுத்தான். போர்வை வரவில்லை. பின்பக்கம் பெட்டியோடு உறைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. வெதுவெதுப்பான தண்ணீர் கேட்டு வாங்கி ஊற்றி, பிடித்து உரித்தபோது உள்ளே தகடுகளே தெரியவில்லை, நாலு விரல் கனத்துக்கு ஒரே பனிக்கட்டி.

"அக்கா, இது தண்ணி மீட்டர் இல்ல. இதுக்குக் குளிராது. முதுகுப் பக்கமா காத்தை இழுத்து, அதுல இருக்கிற சூட்டைப் பிடிச்சு உள்ள அனுப்புது. முதுகை அடைச்சா எதை இழுக்கும்?"

"மைனஸ் பதினாறுல என்னடா சூடு இருக்கு?" என்றான் வாங்கெல்.

"உன் கைக்கு இல்ல. இதுக்குள்ள ஓடுற வாயு மைனஸ் இருபத்தஞ்சுக்கும் கீழ இருக்கு. அதுக்கு இந்தக் காத்து வெதுவெதுப்பு." பனிக்கட்டியைத் தட்டிப் பார்த்த நௌமின் முகம் சுருங்கியது. "ஆனா இது வெறும் போர்வையால வர்ற கட்டி இல்லையே. பனி பிடிச்சா இதுவே தன்னைக் கரைச்சுக்கணும். மணிக்கு ஒரு தடவை நின்னு, சூட்டைத் திருப்பி வெளிய அனுப்பி, ஆவியா விடும். அஞ்சு நிமிஷம், பத்து நிமிஷம். அப்பறம் தானா ஓடும். உங்க மெஷின் கரைக்கவே இல்ல. சென்சார் போயிருக்கணும். கழட்டிக் கொண்டுபோறேன். புதுசு வர ஒரு வாரமாவது ஆகும்."

"ஒரு வாரம்!" வாங்கெல் அடுப்பின் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினான்.

நௌம் சொன்னதை வாஸ்கா மனசில் திருப்பிப் பார்த்தாள். நின்று, ஆவி விட்டு, தானாக ஓடும். அப்படியானால் அந்தப் புகை புகையே இல்லை. ஒவ்வொரு தடவையும் அது பனியைக் கரைக்க உட்கார்ந்தபோது, இவள்தான் கழுத்தைப் பிடித்து எழுப்பிவிட்டிருக்கிறாள். வாயைத் திறந்தால் ஊர் சிரிக்கும். வாங்கெல் ஒருவன் போதும், சாயங்காலத்துக்குள் கடைத்தெரு முழுக்கப் போய்விடும். திறக்காவிட்டால் மெஷின் கழன்று போகும், அடுப்பு உள்ளே வரும். ஒரு வாரத்துக்கு என்று வருகிற அடுப்பு அப்புறம் எங்கே போகும்?

"சென்சார் போகல," என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. இன்னும் உரக்கச் சொன்னாள். "நான்தான் அணைச்சேன். நின்னப்பெல்லாம் நான் அணைச்சேன்."

"எப்பெல்லாம்?"

"எல்லாத் தடவையும். நாலு நாளா. களைச்சுப்போச்சுன்னு நினைச்சேன்."

வாங்கெல் வாயைத் திறந்தான். நௌம் அவனைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

நௌம் உள்ளே வந்து, ரிமோட்டை வாங்கி முப்பதை இருபத்திரண்டாக இறக்கினான். கூரை பார்த்துக்கொண்டிருந்த ஊதும் வாயைத் தரைப் பக்கம் திருப்பினான். வாஸ்கா தடுக்கப் போய், கையை இழுத்துக்கொண்டாள். பிறகு வெளியே போய் மெஷினைப் பனி கரைக்கும் வேலைக்கு முடுக்கிவிட்டான். சீறிக்கொண்டு எழும்பிய ஆவி முற்றத்தையே மூடியது. "தீ! தீ!" என்று வாங்கெல் மண்வெட்டியால் பனியை வாரிப்போட ஓடிவந்தான். நௌம் அவன் காலரைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது. பனிக்கட்டி பாளம் பாளமாக விழுந்தது.

உள்ளே நெஸ்தோர் நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவில்லை. ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் கேட்டிருந்தவர், நௌம் திரும்பி உள்ளே வந்ததும் பேசினார்.

"நௌம், ஒண்ணு சொல்லு. இதுக்கு இன்வெர்ட்டர்னு எதுக்குப் பேரு?"

"பழைய ஏசி ரெண்டே ரெண்டுதான் செய்யும்ண்ணே. முழு வேகம், இல்லன்னா நிறுத்தம். இது மோட்டார் வேகத்தைத் தானே கூட்டிக் குறைக்கும். குளிர் ஜாஸ்தியா, வேகமா ஓடும். அறை சூடாயிடுச்சா, மெதுவா உருண்டுக்கிட்டே இருக்கும். அப்படி விடாம ஓடினாத்தான் கரண்டும் மிச்சம், சூடும் நிக்கும்."

நெஸ்தோருக்குத் தன் ரயில் ஞாபகம் வந்தது. "சரக்கு வண்டியை ஏத்தத்துல நிறுத்தி நிறுத்தி எடுக்கக்கூடாது. உருள விடணும். நிறுத்தினா முடிஞ்சுது கதை." வாஸ்காவைத் திரும்பிப் பார்த்தார். "நீ நாலு நாளா ஏத்தத்துல பிரேக் போட்டிருக்கே."

"ஆமாய்யா, போட்டேன். இப்ப என்னங்கிறே?"

"ஒண்ணும் சொல்லலையே."

நௌம் கிளம்பும்போது வாசலில் நின்று விரலை ஆட்டினான். "ஒரு மணி நேரத்துல மறுபடி நிக்கும். யாரும் தொடக்கூடாது. பத்து நிமிஷம் ஆனாலும் தொடக்கூடாது. புரிஞ்சுதா அக்கா?" அடுத்த வீட்டிலிருந்து போன் வந்துவிட்டது, போய்விட்டான்.

"அடுப்பு?" என்றான் வாங்கெல். "எனக்குக் கால் மரத்துப்போச்சு அண்ணே. உள்ளயா, வெளியயா?"

"இப்பக் கிடக்கட்டும். பேச்சு என் பக்கம் ஜெயிச்சாச்சு, அதை மறக்கல. சாயங்காலம் சொல்றேன். நீ வீட்டுக்குப் போ." நெஸ்தோர் கையை நீட்டினார். "வாஸ்கா, ரிமோட்டை இங்க குடு."

"எதுக்கு?"

"உன்கிட்ட இருந்தா நீ அணைப்பே. குடு."

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தபோது அவளுக்குக் கை வெறுமையாக இருந்தது. எதிர் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். பெட்டி ஊதியது. இப்போது சூடாகத்தான் ஊதியது, முழங்காலில் தெரிந்தது. ஒரு மணிக்குப் பதினேழே முக்கால். ஒன்றரைக்குப் பதினெட்டரை. நெஸ்தோர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். வாஸ்கா மலை மூலிகைத் தேநீரில் தேன் கலந்து கொடுத்தாள், குடித்தார். வெப்பமானி பத்தொன்பதைத் தொட்டது.

அப்போது பெட்டி நின்றது.

விளக்கு கண் சிமிட்டியது. அறையில் சுவர்க்கடிகாரமும் நெஸ்தோரின் மூச்சும் மட்டும் மிஞ்சின. மூச்சு இழுக்கும்போது அவருக்கு நெஞ்சில் ஒரு சின்ன விசில் உண்டு. பெட்டி ஊதும்போது அது கேட்காது, நின்றால் கேட்கும். வாஸ்கா இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

ஒரு நிமிஷம். மூன்று நிமிஷம். நெஸ்தோர் பெட்டியைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், மறுபடி பெட்டியைப் பார்த்தார். ஐந்தாவது நிமிஷம் ரிமோட்டை இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றினார். கட்டைவிரல் பொத்தானைத் தடவிக்கொண்டிருந்தது. கோட்டின் மேல் பட்டனைப் போட்டுக்கொண்டார்.

"எப்பவும் இவ்வளவு நேரமா ஆகும்?"

"தெரியாது," என்றாள் வாஸ்கா. "ஒரு தடவைகூட நான் முழுசா விட்டதில்ல."

ஆறு நிமிஷம். வெப்பமானி பதினெட்டே முக்காலுக்கு இறங்கியிருப்பதை அவள் இருந்த இடத்திலிருந்தே பார்த்தாள். சொல்லவில்லை. நெஸ்தோர் நெற்றியில் மெல்ல வியர்த்திருந்தது. நாற்பது பெட்டிச் சரக்கு வண்டியை இறக்கத்தில் இறக்கியவர், சுவரில் தொங்கும் ஒரு பெட்டி முன்னால் இப்படி வியர்த்து உட்கார்ந்திருந்தார்.

"ஓடலைன்னா?" என்றார்.

"ஓடும்னு சொன்னான்."

"சொன்னான் சரி. ஓடலைன்னா?"

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். கண்ணுக்குக் கீழே கருத்திருந்ததையும், தொடைக்கு அடியில் அவள் கையை நசுக்கிக்கொண்டிருந்ததையும் இப்போதுதான் பார்க்கிறவர்போலப் பார்த்தார்.

"நாலு நாளா, ஒவ்வொரு தடவையும், இப்படியா உக்காந்திருந்தே?"

"அடுப்பு உள்ள வந்தா நீ செத்துப்போயிடுவே நெஸ்தோர்," என்றாள் வாஸ்கா. அழக்கூடாது என்று இருந்தவள், அழுதுவிட்டாள். "டாக்டரம்மா என்கிட்ட சொன்னா. உன்கிட்ட சொல்ல எனக்கு வாய் வரல. இது நின்னாலே உன் மூச்சு நிக்கிற மாதிரி இருக்குது எனக்கு."

நெஸ்தோர் ரிமோட்டை மேஜை மேல், இருவர் கைக்கும் எட்டாத ஓரத்தில் வைத்தார். போனை எடுத்து வாங்கெலைக் கூப்பிட்டார்.

"வாங்கெல், வந்து அந்த அடுப்பை எடுத்துட்டுப் போ. கொட்டகைக்கு இல்ல, பழைய இரும்புக் கடைக்கு."

"என்ன அண்ணே, மெஷின் ஓட ஆரம்பிச்சுடுச்சா?"

நெஸ்தோர் சுவரைப் பார்த்தார்.

"இன்னும் இல்ல," என்றார். "நின்னுதான் கிடக்கு. நீ வந்து எடுத்துட்டுப் போ."